மையித்தை எடுத்தவர்களின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?



டிசம்பர் 26 வந்தால் பள்ளிவாசலில் துஆ கேட்கிறோம். நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். மௌத்தானவர்களை நாங்கள் மறக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இந்தப் பதிவு அவர்களைக் கடலிலிருந்தும் சேற்றிலிருந்தும் எடுத்தவர்களைப் பற்றியது.

2004 இல் நாங்கள் ஏழாம், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள். இன்று அதே ஊரில் ஆசிரியர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கிண்ணியாவில் வைத்தியசாலையையே கடல் அழித்துவிட்டது. மூதூரிலும் பெரும் அழிவு. மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் மௌத்தானார்கள். இப்போதுள்ள கிண்ணியாப் பாலம் அப்போது இல்லை. அது 2009 இல்தான் திறக்கப்பட்டது. திருகோணமலை நகரத்துக்குப் போக 'பாதை'யில் துறை கடக்க வேண்டும்.

வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை வேலை செய்தவர்கள் யார்? தோணிக்காரர்கள், கூலி வேலைக்குப் போகும் வாலிபர்கள், பள்ளிவாசல் முஅத்தின்மார், பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிய உம்மாமார். கையுறை இல்லை, முகமூடி இல்லை. முள்ளுக்கம்பியில் சிக்கியதைக் கையால் எடுத்தார்கள். அதில் தங்கள் சொந்தப் பிள்ளையைக் கண்டவர்களும் இருந்தார்கள்.

பிறகு அரசாங்கம் கணக்கெடுத்தது. மௌத்தான ஒருவருக்கு அடக்கச் செலவாக 15,000 ரூபா. சமையல் பாத்திரத்துக்கு 2,500 ரூபா. ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபா பெறுமதியான நிவாரணம். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. வீடு முழுதாக உடைந்திருந்தால் இரண்டரை இலட்சம். அந்தக் காசு பல குடும்பங்களை நிமிர்த்தியது. ஆனால் எங்கள் வீட்டில் வாப்பாமார் நிரப்பிய படிவங்களில் இருந்த கேள்விகள் எல்லாம் இழப்பைப் பற்றியவை. எத்தனை பேர் மௌத்து, எத்தனை அறை, எத்தனை வலை. "நீங்கள் எத்தனை மையித்தை எடுத்தீர்கள், இரவில் உங்களுக்கு நித்திரை வருகிறதா?" என்று ஒரு கட்டமும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு நானா இருக்கிறார். 2004 வரை எந்த ஜனாஸா என்றாலும் குளிப்பாட்ட முதலில் போவது அவர்தான். அன்றைக்குப் பிறகு ஜனாஸா வீட்டுக்கு வருவார், படலைக்கு வெளியே நிற்பார், தொழுகையில் கடைசி ஸஃப்பில் நின்றுவிட்டுப் போய்விடுவார். மீன் தின்பதில்லை. மாரி காலத்தில் கடல் இரைந்தால் விடிய விடிய முழித்திருப்பார். பயந்த கோளாறு என்று ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். மாதா மாதம் கிளினிக்கும் போகிறார். அவருடைய கிளினிக் கொப்பியில் பிரஷர் இருக்கிறது, சீனி இருக்கிறது. சுனாமி என்ற சொல் மட்டும் இல்லை. அவர் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஓதிப் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழிதான். அதையும் சேர்த்துச் செய்யலாம் என்கிறோம்.

இந்த விசயத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 2001 செப்டம்பர் 11 இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது நகரத்தில் தூசு மண்டியது. ஒரு கிழமைக்குள்ளேயே காற்றால் ஆபத்து இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். பக்கத்திலிருந்த ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பாடசாலையை அடுத்த மாதமே திறந்து பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினார்கள். வருடங்கள் போகப் போக, இடிபாடு அள்ளியவர்களுக்கு நெஞ்சு வருத்தம், ஆஸ்துமா, புற்றுநோய், மனநோய் வந்தன. அவர்கள் சும்மா இருக்கவில்லை. நோயோடு பாராளுமன்றத்தின் படியேறினார்கள். 2010 டிசம்பரில் ஒரு சட்டம் நிறைவேறியது. மூச்சு நோயால் இறந்த ஜேம்ஸ் சட்ரோகா என்ற பொலிஸ்காரரின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2015 இல் அதை 2090 வரை நீட்டினார்கள். அன்று பிறந்த குழந்தையும் கிழமாகும்வரை பார்க்க வேண்டும் என்ற கணக்கு அது.

அந்தத் திட்டத்தில் தீயணைப்புப் படை மட்டும் இல்லை. சம்பளமில்லாமல் உதவ வந்த தொண்டர், துப்புரவுத் தொழிலாளி, அந்தப் பகுதியில் குடியிருந்தவர், அங்கே படித்த பிள்ளை எல்லோரும் சேரலாம். உதவ இறங்கியவர்கள் அங்கே இருந்ததை உறுதிப்படுத்திப் பதிந்தால், வருடா வருடம் பரிசோதனை. அது சம்பந்தப்பட்ட நோய் வந்தால் மருந்துச் செலவு திட்டத்தினுடையது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சட்டம் தேவைப்பட்டது, ஏனென்றால் அங்கே வைத்தியம் காசு. எங்களுக்கு அல்லாஹ்வின் அருளால் இலவச வைத்தியம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் யாரும் எங்களைத் திருப்பி அனுப்புவதில்லை. எங்களிடம் இல்லாதது பெயர்ப் பட்டியல்தான். அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி, பாடசாலைப் பிள்ளைக்கு சுரக்ஷா. சம்பளத்துக்கு வேலை செய்பவர் காயப்பட்டால் 1934 ஆம் ஆண்டிலிருந்தே நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. தானாக ஓடிப்போய் உதவியவருக்கு முதலாளியும் இல்லை, வரவுப் பதிவேடும் இல்லை. பத்து வருடம் கழித்து வருத்தம் வந்தால், அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அவருடைய ஞாபகம் மட்டும்தான் சாட்சி.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்தபோது பாடசாலைப் பிள்ளைகளைத் தூக்க ஊர் இளைஞர்கள் தண்ணீரில் குதித்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலில் மாவிலாறு அணைக்கட்டு உடைப்பெடுத்தபோது, வெள்ளத்துக்குள் இறங்கியவர்களிலும் எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றவனுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காலில் கம்பி குத்தியவனுக்கு ஏற்புவலி வரலாம். சேற்றுத் தண்ணீரைக் குடித்தவனின் காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கலாம். இவை கிழமைக் கணக்கில் தெரியும். மனதில் இறங்கியது வருடக் கணக்கில்தான் தெரியும்.

ஆகவே ஊர் மக்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும், ஜனாஸா நலன்புரிச் சங்கங்களிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். அனர்த்தத்தில் இறங்கி உதவியவரின் பெயர், தேதி, இடம், செய்த வேலை, பட்ட காயம் எல்லாவற்றையும் எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். 2004 இல் உதவியவர்களில் ஹயாத்தோடு இருப்பவர்களையும் இப்போதே எழுதுங்கள். பெண்களின் பெயர்களை விட்டுவிட வேண்டாம்.

இரண்டு, வெள்ளத்தில் இறங்குமுன் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். காயம் பட்டால் அன்றே ஏற்பு ஊசி. பிறகு காய்ச்சல் வந்தால் "நான் வெள்ளத்தில் நின்றேன்" என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காப்பாற்றும்.

மூன்று, மையித்தை எடுப்பவர்களுக்குக் கையுறையும் சவர்க்காரமும் ஜனாஸாப் பெட்டியோடு சேர்ந்தே இருக்கட்டும்.

நான்கு, நித்திரை இல்லாதவரை, திடீரென்று ஒதுங்கிப் போனவரைத் தனியாக விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேசலாம். மனநலக் கிளினிக்குக்குப் போவது பைத்தியத்துக்கான அடையாளம் அல்ல. பாரம் தூக்கியவன் முதுகைக் காட்டப் போவது மாதிரித்தான் அது.

போன கிழமை அந்த நானாவின் மகன் வாப்பாவின் கொப்பியை எங்களிடம் கொண்டுவந்து காட்டினான். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கொடுப்பதற்காக ஒரு துண்டில் நான்கு வரி எழுதிக் கொடுத்தோம். முதல் வரி: "இவர் 2004 சுனாமியில் ஜனாஸாக்களை எடுத்தவர்." தூக்கிய கைகளுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். பெயரை எழுதிவைப்பது எங்கள் வேலை.