லண்டனுக்குக் கிளம்பிய கல்யாணக் கோஷ்டிக்கு

மதிப்பிற்குரிய லட்சுமண் தேஷ்பாண்டே அவர்களுக்கு,

2009 பிப்ரவரியில் நீங்கள் காலமானீர்கள்; ரொம்பத் தாமதமான கடிதம் இது. இருக்கட்டும், பாக்கி பாக்கிதானே.

'வர்ஹாட் நிகாலய் லண்டன்லா' என்ற உங்கள் மராத்தி நாடகத்துக்காக எழுதுகிறேன். மகாராஷ்டிராவின் மராட்வாடா கிராமத்துச் சொந்தபந்தமெல்லாம் சீமையில் நடக்கும் கல்யாணத்துக்கு மூட்டை கட்டுகிற கூத்து. மூன்று மணி நேரம், 52 பாத்திரங்கள், மேடையில் நீங்கள் ஒருவர் மட்டும். கின்னஸ்காரர்கள் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு எண்ணிக்கை பெரிதில்லை.

என் மராத்தி கடைத்தெருவில் பொறுக்கியது. உங்கள் ஆட்களோ புனே மராத்தி பேசுவதில்லை. மராட்வாடா வழக்கில் பாதி எனக்குத் தப்பிவிடும். இருந்தும் ஒளிப்பதிவைப் பார்க்கையில் யார் பேசுகிறார்கள் என்று ஓரிடத்திலும் குழம்பவில்லை. ஆளுக்கு ஆள் வேஷம் கட்டிக்கொள்ள உங்களுக்கு நேரமேது? பார்வை போகும் திசையும் முதுகு வளையும் விதமும் குரலின் கனமும்தான் மாறுகின்றன. ஒருவர் கேட்டு முடிக்குமுன் அடுத்தவர் முகம் வந்துவிடுகிறது. வாயே திறக்காமல் நிற்கும் மூன்றாமவரும் அங்கே இருக்கிறார். நீங்கள் திரும்பிப் பார்ப்பதாலேயே நாங்களும் அவரைப் பார்க்கிறோம்.

நன்றி இதற்குத்தான்: விமானம் ஏறுகிற பட்டிக்காட்டான் என்றாலே நம் சினிமாவுக்கு இளப்பம். நீங்களும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தீர்கள். ஆனால் அவர்களுடைய பதற்றத்தையும் ரோஷத்தையும் வீம்பையும் உள்ளே இருந்து காட்டினீர்கள். இரண்டு வரி பேசிவிட்டு மறைகிறவருக்கும் தனி நடை, தனிக் கோபம். பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பேராசிரியரான நீங்கள் அந்தக் கூட்டத்தில் எங்குமே தலைகாட்டவில்லை. எனக்கு லண்டனைவிட அந்தப் புறப்பாட்டு அமளிதான் பிடிக்கும்.

எங்களுக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் மராத்திக் கீர்த்தனகாரர்களின் பாணியைத் தமிழ்க் கதாகாலட்சேபத்துக்குள் கொண்டுவந்தார். ஒரே பாகவதர் ராமனாகவும் கூனியாகவும் பேச, ஊரே விழித்திருந்து கேட்டது. அந்தப் பழக்கம் இருந்ததால்தான் உங்கள் மேடை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை போலும்.

நடிகர் சந்தீப் பாட்டக் இப்போது அதே கோஷ்டியை மேடையேற்றி வருகிறார். திருநெல்வேலிப் பேச்சிலோ கோயம்புத்தூர்ப் பேச்சிலோ இப்படி ஓர் ஊரையே ஒற்றை ஆளாக யாராவது கூட்டி வந்தால், முதல் வரிசையில் எனக்கொரு டிக்கெட் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகன்