அலைக்கோபுரமும் நம் பிள்ளைகளும்



எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு எதிரே உள்ள கடைவீட்டின் மேல்தளத்தில் கைப்பேசி அலைக்கோபுரம் ஒன்று எழுந்தது முதல், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் வேறு பேச்சே இல்லை. "பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்துவிடுமாம்" என்னும் செய்தி புலனக் குழுக்களில் நாள்தோறும் வலம் வருகின்றது. ஐந்து குடும்பத்தினர் மாற்றல் பாரம் கேட்டுவிட்டனர். நூறு மாணவரைக்கூட எட்டாத சிறிய பள்ளி எங்களுடையது. ஐந்து குடும்பங்கள் போனால் அந்த இழப்பை ஈடுசெய்வது எளிதன்று. கோபுரத்தை நிறுவியவர்களிடமிருந்தோ "அனைத்தும் வரம்புக்கு உட்பட்டதே" என ஒற்றை வரியில் விடை வந்தது.

அந்த ஒற்றை வரி எந்தத் தாயின் அச்சத்தைப் போக்கும்? அந்த வரம்பு எப்படிப் பிறந்தது என்பதை எடுத்துரைப்பது ஆசிரியர்களாகிய நம் கடமையன்றோ?

வரம்பு எப்படிப் பிறந்தது?

'கதிர்வீச்சு' என்றதும் நம் நினைவுக்கு வருவது எக்ஸ்-கதிர். அது அணுவிலிருந்து மின்னணுவைப் பிரித்தெடுத்து மரபணுவையே சிதைக்க வல்லது. கைப்பேசி அலைகளுக்கு அவ்வாற்றல் இல்லை. அவற்றால் விளைவதாக ஐயமற நிறுவப்பட்டுள்ள தீங்கு, உடல் திசு அளவுக்கு மீறிச் சூடாவதேயாகும்.

அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டு, வானலைகளுக்கென 2020-இல் திருத்திய வழிகாட்டி இதையே அடிப்படையாகக் கொண்டது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமும் 4 வாட் ஆற்றலை உள்வாங்கினால் உடல்வெப்பம் ஏறத்தாழ 1 பாகை உயரக்கூடும் என்பது அதன் கணக்கு. அதனைப் பத்தால் வகுத்து, 0.4 வாட் என்பதை இத்துறைத் தொழிலாளருக்கு வரம்பாக்கினர். ஐம்பதால் வகுத்து, 0.08 வாட் என்பதைப் பொதுமக்களுக்கு வரம்பாக்கினர். குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோரையும் எண்ணியே இவ்வளவு இடைவெளி விடப்பட்டது. ஆகவே, வரம்பு என்பது பள்ளத்தின் விளிம்பன்று. பள்ளத்துக்கு வெகுதூரம் முன்பே கட்டப்பட்ட வேலி. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் வகுத்துள்ள கட்டாயத் தரமும் இந்த அனைத்துலக வழிகாட்டியைத் தழுவியதே.

அப்படியானால் ஐயமே வேண்டாமா?

அப்படியும் சொல்வதற்கில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானலைகளை '2பி' பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம். சான்று போதுமானதாக இல்லை' என்பதே அதன் பொருள். ஆசிய மரபுவழி ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பிரிவில்தான் உள்ளன. இத்தகைய ஐயங்களை முன்னிட்டு இத்தாலி நாடு, மக்கள் நெடுநேரம் தங்கும் இடங்களுக்கு மீட்டருக்கு 6 வோல்ட் என்னும் கடுமையான அளவை 2003 முதல் கடைப்பிடித்தது. 2024-இல் அதை 15 வோல்ட்டாகத் தளர்த்தியது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அனைத்துலக அளவு ஏறத்தாழ 41 வோல்ட். அறிவியல் ஒன்றே, முன்னெச்சரிக்கையை எந்த அளவுக்குக் கொள்வது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

நாம் கேட்க வேண்டியது என்ன?

கோபுரத்தின் அலைகள் கலங்கரை விளக்கின் ஒளியைப் போலப் பெரும்பாலும் பக்கவாட்டில் பாய்கின்றன. நேர் கீழே நிற்பவரைவிட, அதே உயரத்தில் எதிரே இருப்பவரை அவை மிகுதியாகச் சேரும். ஆதலால், பள்ளித் திடலில் மட்டும் அளந்துவிட்டுப் போவதை ஏற்றுக்கொள்ளக்கூடாது. கோபுரத்தை நோக்கிய மேல்மாடி வகுப்பறைகளிலும், பள்ளி நடக்கும் வேளையிலேயே அளக்க வேண்டும். 'உட்பட்டது' என்னும் சொல் போதாது. அளவும் வரம்பும் அருகருகே எண்களாக எழுதப்பட்டு, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எங்கள் சங்கம் இக்கோரிக்கைகளையே கடிதமாக எழுதி அனுப்பியுள்ளது.

பெற்றோருக்கு இன்னொரு செய்தி. தொலைவு இரட்டிப்பானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். எனவே, பெரும்பாலான வேளைகளில், எதிர்வீட்டுக் கோபுரத்தைவிடக் காதோடு ஒட்டிய கைப்பேசியே தலைக்கு மிகுதியான ஆற்றலைத் தருகின்றது. அலைவரிசை வலுவிழந்த இடத்தில் கைப்பேசி தன் ஆற்றலை மேலும் கூட்டிக்கொண்டுதான் பேசும். கோபுரத்தைக் கண்டு அஞ்சும் நாம், தலையணைக்கடியில் கைப்பேசியோடு உறங்கும் பிள்ளையைக் கண்டுகொள்வதில்லையே! செவிப்பொறியைப் பயன்படுத்தப் பழக்குவதற்கும், இரவில் கைப்பேசியைப் படுக்கைக்கு வெளியே வைப்பதற்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை.

அன்புப் பெற்றோர்களே, மாற்றல் பாரத்தில் கையெழுத்திடும் முன் அந்த எண் வரும்வரை பொறுத்திருங்கள். எண் வரம்பை மீறியிருந்தால் கோபுரத்தை அகற்றச் சொல்லி உங்களோடு முதல் ஆளாக நானும் நிற்பேன். மீறவில்லையெனில், வெறும் வதந்திக்காக ஒரு தமிழ்ப்பள்ளியை வெறுமையாக்கிவிட வேண்டாம்.