குடிபெயர்வும் உடைமையும்

புதுமனை புகுதலை விழாவாகக் கொண்டாடும் நாம், பழைய மனையைவிட்டு நீங்கும் நாளை எவ்விதச் சடங்குமின்றிக் கழித்துவிடுகிறோம். ஆயினும், நமது உடைமை எது, வீட்டினுடைய உடைமை எது என்பது புலப்படுவது நீங்கும் நாளிலேயே ஆகும். சுவரிற் பதித்த அலுமாரி வீட்டோடு நின்றுவிடும். அதனுள்ளிருந்த புத்தகங்களே நம்மோடு வரும். கணினியுலகுக்கும் இவ்வுண்மை பொருந்துமென்பதைக் கலைப்பீட மாணவியாகிய நான், எமது சங்கத்தின் பணியொன்றின் வாயிலாக அறிந்துகொண்டேன்.

எமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர்களுக்கு ஓர் இணைய அட்டவணை உண்டு. கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர், வெளிவந்த ஆண்டு ஆகியவற்றை அதிலே தேடிப் பெறலாம். மூன்று அணி மாணவர் தம் ஓய்வுவேளைகளில் ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்டுச் சேர்த்த பதிவுகள் அவை. சில மலர்கள் பழைய அங்கத்தவர் வீடுகளில் ஒற்றைப் பிரதியாக மட்டுமே எஞ்சியிருந்தன. மாணவர் நேரிற் சென்று, குறித்துக்கொண்டு, பிரதியைத் திருப்பிக் கொடுத்தனர். அப்பிரதிகளுட் சில இன்று எங்குள்ளன என்று சொல்வாரில்லை. எனவே, அட்டவணை அழியுமாயின், அக்கட்டுரைகள் எழுதப்பட்டன என்பதற்கான சான்றும் உடனழியும்.

இவ்வட்டவணை வெளிநாட்டுத் தளமொன்றிலே குடியிருந்தது. அதன் பெயர் ஈண்டு வேண்டியதில்லை. அட்டவணையைத் தொடங்கிய சிரேஷ்ட மாணவர் மேற்படிப்புக்காகக் கடல்கடந்து சென்றுவிட்டார். கணக்கோ அவர் பெயரிலேயே இருந்தது. தளம் நாளடைவில் தேங்கலாயிற்று. மென்பொருட் பதிப்புக்கள் பழையனவாகவே கிடந்தன. எழுதிய மின்னஞ்சல்களுக்கு மறுமொழி வரவில்லை. மூடப்படும் வீட்டைவிட்டு வெளியேறுதல் ஒருவகையில் எளிது, நாள் குறிக்கப்பட்டுவிடும். மெல்லத் தேங்கும் வீட்டைவிட்டு வெளியேறுதலே கடினம். 'இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்ற சமாதானம் ஒவ்வொரு நாளும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

இத்தகைய தேக்கத்துக்குப் பலருமறிந்த உதாரணம் ஹெரோக்கு என்னும் தளமாகும். 2007ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்டன்பாம், அடம் விக்கின்ஸ், ஓரியன் ஹென்றி ஆகிய மூவர் அதனை அமெரிக்காவிலே தொடங்கினர். நிரல் எழுதுவோர் ஒரு கட்டளையால் அதனை அனுப்பிவிட்டாற் போதும்; சேவையகத்தைப் பராமரிக்கும் சுமையைத் தளமே ஏற்றுக்கொண்டது. 2010 டிசெம்பரில் சேல்ஸ்போர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 21 கோடி டொலருக்கு அதனை வாங்குவதாக அறிவித்தது. அதன் இலவசப் பிரிவிலே செயலியானது அரைமணி நேரம் எவரும் வராவிடின் உறங்கிவிடும். தரவுத்தளத்தில் 10,000 வரிகளுக்கே இடமிருந்தது. எனினும், கையிற் காசில்லாத மாணவர் பலருக்கு அதுவே முதல் வீடாயிற்று.

பின்னர் வேகம் தணிந்தது. 2015இல் தரமாக வகுக்கப்பட்ட இணையப் பரிமாற்ற நெறியின் இரண்டாம் பதிப்பு, 2022 முடிவிலும் அங்கு வந்து சேரவில்லை. 2022 ஏப்ரலில், கிற்ஹப் தளத்தோடு அதனை இணைத்த அனுமதிச் சாவிகள் களவாடப்பட்டு, அவ்விணைப்பு வாரக்கணக்கில் முடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 28 முதல் இலவசப் பிரிவும் நிறுத்தப்பட்டது. எண்ணிறந்த சிறு செயலிகள் புதிய இடந் தேடி அலைந்தன.

வியப்பு யாதெனின், வெளியேறும் வழியையும் அத்தளத்தைக் கட்டியவர்களே முன்னர் வகுத்திருந்தமையாகும். 2011 அளவில் அடம் விக்கின்ஸ் முதலானோர், நல்ல வலைச் செயலிக்குரிய பன்னிரண்டு நெறிகளைத் தொகுத்து வெளியிட்டனர். கடவுச்சொற்களையும் முகவரிகளையும் நிரலுக்குள் எழுதலாகாது. அவை சூழலிலிருந்து பெறப்படல் வேண்டும். தரவுத்தளம், கழற்றி மாற்றத்தக்க துணைப்பொருளாகவே கருதப்படல் வேண்டும். செயலி தான் ஓடும் இயந்திரத்தின் வட்டில் நிலையானது எதனையும் வைத்தலாகாது. ஹெரோக்குவில் இது வெறும் அறிவுரையன்று. நாளொன்றுக்கு ஒருமுறையேனும் செயலி மறுதொடக்கம் பெற, வட்டில் எழுதியவை யாவும் மறைந்துவிடும். சுருங்கக் கூறின், வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடியாதே என்பதே அந்நெறி. அதனைப் பின்பற்றியோர் 2022இல் சில மணித்தியாலங்களிற் குடிபெயர்ந்திருக்கக்கூடும். பின்பற்றாதோர் சுவரையும் பெயர்க்கவேண்டியவராயினர்.

எமது அட்டவணையை எழுதியவரும் இந்நெறியை அறிந்தவர். கணக்கின் உரிமையைத் தரும்பொருட்டுத் தொலைபேசியிற் பேசியபோது அவர் சொன்னார்: "வீட்டை விட்டிட்டு வாறது பெரிய காரியமில்லை, தங்கச்சி, என்னத்தை விட்டிட்டு வந்தனாங்கள் எண்டது பிறகுதான் தெரியும்." இடம்பெயர்ந்த குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். அச்சொல்லின் பாரம் எனக்கு அப்போது முழுதும் விளங்கவில்லை.

பணியில் மூன்று படிகள் இருந்தன. முதலாவதாக, பெயரையும் முகவரியையும் இணைக்கும் பதிவின் ஆயுளை ஒருநாளிலிருந்து 300 விநாடிகளாகக் குறைத்தோம். அப்போதுதான், முகவரி மாறிய செய்தி வாசகரை விரைந்து சென்றடையும். இரண்டாவதாக, புதிய பதிவுகள் சேர்வதை நிறுத்தி, தரவுத்தளத்தை முழுமையாகப் பிரதியெடுத்து, புதிய சேவையகத்தில் மீட்டு, பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டோம். ஒன்றும் குறையவில்லை. மூன்றாவதாக, முகவரியை மாற்றினோம். பழைய இடத்தையும் சில நாள் உயிரோடு வைத்திருந்தோம்.

எண்ணிக்கை சரியாயிருந்தும் ஒழுங்கு சரியாயிருக்கவில்லை. தலைப்புப் பட்டியலில் 'மறவர்' என்பது 'மலர்' என்பதற்கு முன்னே நின்றது. 'வாள்', 'வாழ்வு' என்பதை முந்தியது. காரணம் ஆராயத்தக்கது. ஒருங்குறியின் தமிழ் எழுத்து வரிசை, இந்திய மொழிகளுக்கெனப் பொதுவாக வகுக்கப்பட்ட அமைப்பைத் தழுவியது. அதனால் அங்கே ர, ற, ல, ள, ழ, வ என எழுத்துக்கள் நிற்கின்றன. நாம் அரிச்சுவடியிற் படித்ததோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதாகும். பழைய தளத்தின் இயங்குமுறை, எவரும் கேளாமலே தமிழ் வரிசையை எமக்கு வழங்கிவந்தது. புதிய இடம் எழுத்தின் எண்ணை மட்டுமே பார்த்தது. நாம் எமதென்று எண்ணியிருந்த அகரவரிசை, உண்மையில் வீட்டுக்காரருடைய அலுமாரியாக இருந்தது!

பரிகாரம் கடினமன்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், மொழிக்குரிய வரிசை விதியை அட்டவணையிலேயே குறிக்க இடமளிக்கிறது. தமிழ் வரிசை வேண்டுமென்று நாம் வெளிப்படையாக எழுதிவைத்தோம். இனி எந்த வீட்டுக்குச் சென்றாலும் அது எம்முடன் வரும். தொலைபேசியிற் கேட்ட சொல்லின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கேளாமற் கிடைப்பவையே நாம் அறியாமல் இழக்கக்கூடியவை.

புதிய இடம் சிறந்ததென்று புகழ்வது எனது நோக்கமன்று. அதுவும் ஒருநாள் பழையதாகும். வீட்டின் தரத்தினும், புகும்போதே புறப்படும் வழியை அறிந்திருத்தல் முதன்மையானது என்பதே எனது துணிபு. இக்கருத்தைச் செயற்குழு ஏற்றுக்கொண்டது. கணக்கு இப்பொழுது தனியொருவர் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரில் உள்ளது. பதிவுகளின் பிரதி மாதந்தோறும் எளிய உரைக்கோப்பாக இரண்டு இடங்களில் வைக்கப்படுகிறது. ஆயினும், திறந்து பார்க்கப்படாத பிரதியை நம்புதல் இயலாது. ஆதலால், ஒவ்வோர் ஆண்டும் புதிய செயற்குழு பொறுப்பேற்கும் வாரத்தில், அப்பிரதியைக்கொண்டு அட்டவணையை வேறொரு கணினியில் ஒருமுறை எழுப்பிப் பார்த்து, 'மலர்' 'மறவர்' என்பதற்கு முன் நிற்கின்றதா என்று சோதித்தல் வேண்டுமெனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.