குறைத்து வாசித்தவர்

சென்ற மாதம் ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். "உங்கள் முதல் நாவலை ஏழு தடவை படித்தேன். இப்போது எழுதுவதை ஒரு தடவைகூட முடிக்க முடியவில்லை. பழையபடி எழுதினால் என்ன?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. கோபம் வந்ததென்று சொன்னால் அது பொய். அவர் சொல்வது உண்மையாயிருக்குமோ என்ற பயம்தான் வந்தது.

அந்தச் சமயத்தில் என் தங்கை மகன் இரண்டு இசைத்தட்டுகளுடன் வந்து சேர்ந்தான். அவனுக்குக் கிதார் பைத்தியம். இரண்டும் ஜான் ஃபாஹி என்ற அமெரிக்கர் வாசித்தவை.

ஃபாஹி 1939-இல் பிறந்து, வாஷிங்டன் நகரை அடுத்த டகோமா பார்க்கில் வளர்ந்தவர். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த இளைஞர், 1959-இல் தம் முதல் தட்டைத் தாமே வெளியிட்டார். 100 பிரதிகள்தாம். பாட்டில்லை, பக்கவாத்தியமில்லை, ஒரு கிதார் மட்டுமே. கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாளம் தவறாமல் நடக்கும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் தங்கள் 'ப்ளூஸ்' பாட்டுக்குத் துணையாக வாசித்த முறை அது. அதைத் தனி வாசிப்பாகவே வளர்த்தார் ஃபாஹி.

பையன் முதலில் பழைய தட்டைப் போட்டான். வாசிப்பது ஒருவரா, இருவரா என்று சந்தேகம் வந்தது. அத்தனை சுறுசுறுப்பு! அடுத்தது 'ரெட் கிராஸ்' என்ற கடைசித் தட்டு. ஒரு சுரம் விழுகிறது. அது அடங்கும் வரையில் மனிதர் காத்திருக்கிறார். பிறகு இன்னொன்று.

"உன் வித்துவானுக்கு விரல் போய்விட்டதா?" என்று கேட்டேன்.

"இது எலெக்ட்ரிக் கிதார், மாமா. தந்திக்கு அடியில் உள்ள காந்தமும் கம்பிச்சுருளும் அதிர்வை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். நாதம் நின்று ஒலிக்கும்போது அடுத்த சுரத்துக்கு என்ன அவசரம்?" என்றான்.

அப்புறம் கதையையும் சொன்னான். 1980-களில் ஃபாஹி சேலத்தில் குடியேறினார். நம் மாம்பழச் சேலமல்ல. ஓரகன் மாநிலத்துச் சேலம். அங்கே நோயும் வறுமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலிவான விடுதிகளில் தங்கினார். பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்றுப் பிழைத்தார். கிதார் அடகுக் கடைக்குப் போயிற்று. 1990-களின் நடுவில் உலகம் மறுபடியும் அவரைத் தேடி வந்து, பழைய உருப்படிகளைக் கேட்டது. அவரோ தம் பழைய வாசிப்பையே தாழ்த்திப் பேசினார். எலெக்ட்ரிக் கிதாரை எடுத்துக்கொண்டு தம் வழியே போனார். பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 2001 பிப்ரவரி 22-இல், இருதய அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். 62 வயது நிறைய 6 நாட்கள் இருந்தன. 'ரெட் கிராஸ்' வெளிவந்தது 2003-இல்.

பையன் போன பிறகு, இரவு தனியாக அதை மறுபடியும் கேட்டேன். கெர்ஷ்வின் 1935-இல் மேடையேற்றிய இசை நாடகத்துக்காக அமைத்த 'சம்மர்டைம்' என்ற தாலாட்டு அதில் இருக்கிறது. குழந்தை தூங்கி வெகு நேரமாகிவிட்டது. தாய்க்குத்தான் நிறுத்த மனம் வரவில்லை. அப்படி இருந்தது அந்த வாசிப்பு. வேகமாக வாசித்திருந்தால் குழந்தை விழித்துக்கொண்டிருக்கும்!

அவர் மனமறிந்து குறைத்தாரா, அல்லது நோயுற்ற உடம்பு குறைக்க வைத்ததா? இரண்டுமாக இருக்கலாம். என் விஷயத்தில் எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அவரைக் காட்டி என் நாவலுக்கு நியாயம் தேடவும் எனக்கு யோக்கியதை போதாது. ஆனால் ஒன்று நிச்சயம். அந்தத் தட்டை முதல் தடவை கேட்டபோது, எனக்குக் கடிதம் எழுதிய வாசகராகவே நானும் இருந்தேன்.

மறுநாள் அவருக்கு இரண்டே வரி எழுதினேன். "தங்கள் குறை நியாயமானதாகவே இருக்கலாம். எதற்கும் அந்தப் புத்தகத்தை ஓர் இரவு, வீடு அடங்கிய பிறகு, மெதுவாகப் படித்துப் பாருங்கள்."

பதில் இன்னும் வரவில்லை. மெதுவாகப் படிக்கிறார் போலிருக்கிறது.