சரிந்த மேடை

பொலியூ அரங்கத்தின் கூடத்தில் முதலில் காதில் விழுந்தது பியானோ இல்லை. தொப், தொப் என்று எதையோ அடிக்கும் சத்தம். படியோரம் உட்கார்ந்திருந்த ஒரு பிரேசில் பெண், கால் நுனியில் நின்று ஆடுவதற்கான புது பாயிண்ட் ஷூவின் முனையைக் கல்லில் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதிருக்கும். அப்படியே போட்டுக்கொண்டு ஏறினால் ஒவ்வொரு குதிப்புக்கும் மேடை சத்தம் போடுமாம்.

சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் 1973-இல் ஃபிலிப் பிரௌன்ஷ்வைக் தன் மனைவி எல்வீருடன் தொடங்கிய பாலே போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது. ‘பிரி த லொசான்’ என்று பெயர். 15 முதல் 18 வயதுக்குள் இருக்கும் மாணவர்கள் காணொளி அனுப்பித் தேர்வாகி வருகிறார்கள். வென்றால் ஒரு பெரிய பள்ளியில் ஓராண்டுப் படிப்பு அல்லது ஒரு நடனக் குழுவில் பயிற்சி நடனக் கலைஞராக இடம். ஹவானாவில் லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்த கார்லோஸ் அக்கோஸ்டா 1990-இல் இங்கே தங்கப் பதக்கம் வாங்கித்தான் உலகத்துக்குத் தெரிந்தார்.

மேடை நிகழ்ச்சி பார்க்கத்தான் போனேன். என்னைப் பிடித்து நிறுத்தியது காலை வகுப்பு. நடுவர்கள் அங்கேயும் மேசை போட்டு உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். மார்பில் எண் குத்திய பிள்ளைகள் கம்பியைப் பிடித்து வரிசையாக நின்று, இடுப்பிலிருந்தே காலை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்கிறார்கள். பரதத்தின் பக்கம் வருவதற்கு முன் ருக்மிணி தேவி, அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர் என்பது அந்த வரிசையைப் பார்க்கையில் நினைவுக்கு வந்தது.

இரண்டு நிமிட நடனத்தை ஊரிலேயே மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து மெருகேற்றிக் கொண்டுவரலாம். முன்பின் தெரியாத ஆசிரியர் அரை நிமிடத்தில் காட்டும் கோர்வையை அப்படிச் செய்ய முடியாது. ஒரு திருத்தம் சொன்னால் அடுத்த தடவை உடம்பு அதை வாங்கிக்கொள்கிறதா என்பது அங்கே மறைக்க முடியாமல் தெரிந்துவிடும். பிரேசில் பெண்ணிடம் ஆசிரியர் வந்து, இடது தோள் உயர்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினார். தோள் இறங்கியது. சுழலத் தொடங்கியதும் மறுபடி ஏறிக்கொண்டது.

மேடையில் இன்னொரு சிக்கல். பின்வரிசையில் ஆடுபவர்களும் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய ஐரோப்பிய அரங்குகளில் மேடையைப் பார்வையாளர்கள் பக்கம் சரித்துக் கட்டினார்கள். இங்கேயும் சரிவுதான், மூன்றரை சதவீதத்துக்குச் சற்று அதிகம். நடந்தால் தெரியாது. ஒற்றைக் கால் முனையில் நிற்பவருக்கு அது மலைச்சரிவு. பிரேசில் பெண் எடுத்திருந்தது ‘கிசெல்’ பாலேயின் முதல் அங்கத்துத் தனி நடனம். அதில் இடது கால் முனையிலேயே குதித்துக் குதித்து மேடையின் குறுக்காக வர வேண்டும். சமதரையில் பழகியவளைச் சரிவு முன்னுக்கு இழுத்தது. முதல் ஒத்திகையில் இரண்டாவது சுழற்சியிலேயே தடுமாறி இறங்கிவிட்டாள். எடையைப் பின்னுக்கு வை என்று சொல்லிக்கொடுத்தார்கள். பத்து வருடம் பழகிய சமநிலையை நான்கு நாளில் மாற்றச் சொல்வது சின்ன விஷயமா?

அன்று மாலை அவள் ஷூவை வாங்கிப் பார்த்தேன். முனையில் மரமோ இரும்போ கிடையாது. துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு. வியர்வையில் அது இளகிவிட்டால் ஷூவின் கதை முடிந்தது. கடையில் நாடா தைத்துத் தருவதில்லை; அவரவர் பாதத்துக்கு ஏற்ற இடத்தில் அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும். பல் இடுக்கில் இழுக்கும் நூலால்தான் தைக்கிறாள், சாதா நூல் அறுந்துவிடுமாம். நாடாவின் நுனியை லைட்டரில் லேசாகப் பொசுக்கினாள், பிரியாமல் இருக்க. ஷூவுக்குள் உள்ளங்காலைத் தாங்கும் விறைப்பான பட்டையைக் கையால் வளைத்து, அடித்தோலைப் பிளேடால் கீறினாள். தறிக்காரர் பாவைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் விரல்கள் ஷூவைத் தொட்டன.

இந்த வயதில் இவ்வளவு பாரமா என்ற கவலை என்னை விடவேயில்லை. பாரிஸ் ஓபரா பாலேவிலேயே 42 வயதில் ஓய்வு. அதற்கு முன்பே உடம்பு கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். விண்ணப்பத்தோடு உடல்நல விவரமும் கேட்டு, பட்டினி கிடந்து மெலிந்த பிள்ளைகளைத் தடுக்கப் பார்க்கிறார்கள் என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

இறுதிச் சுற்றுக்கான இருபது பேர் பட்டியலில் அவள் இல்லை. கூடத்துச் சுவரில் சாய்ந்து அழுதாள். பக்கத்தில் நின்ற கொரியப் பையன் ஒன்றும் பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

கடைசி நாள், தேர்வாகாதவர்களுக்கென்று ஒரு வகுப்பு. பள்ளி, குழு இயக்குநர்கள் பார்க்க வருவார்கள். பரிசு இல்லாமலே பலருக்கு இடம் கிடைப்பது அங்கேதான். அவள் இரண்டாம் வரிசையில் நின்றாள். சுழற்சி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்றாவதும் முடிந்து நின்றபோது இடது தோள் இறங்கியே இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவள் மார்பிலிருந்த எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டார்.