சேக்காடும் ஒரு புகைப்படக் கேள்வியும்

சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். ஆவடியைத் தாண்டியதும் இந்துக் கல்லூரி நிலையம் வரும். அங்கே இறங்கினால் சேக்காடு அருகில்தான். பெயரிலே காடு இருக்கிறது. கண்ணில் படுவனவோ வரிசை வரிசையாக வீடுகள். விளைநிலங்கள் மனைகளாக மாறிய கதை ஆவடி வட்டாரம் முழுவதற்கும் பொதுவானது.

அன்பு வாசகர்களே! இந்த மண்ணுக்கு வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று அங்கே தீர்மானம் நிறைவேறிற்று. துப்பாக்கி வெடிக்காத ஒரு புரட்சியின் அறிவிப்பு அது! அக்காலப் படங்களில் நேருவையும் காமராசரையும் உடனே அடையாளம் காண்கிறோம். ஆனால் அதே நாட்களில் சேக்காட்டு உழவர் என்ன உடுத்தினார், அவர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது? தலைவர்களின் படங்களில் இதற்கு விடை கிடைக்காது. தீர்மானமோ அவருக்காகவே எழுதப்பட்டது.

இவ்விரண்டையும் சேர்த்தே பதிவு செய்தவர், 1918இல் பிறந்த சுனில் ஜானா. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகின்றனர். கம்யூனிஸ்ட் தலைவர் பி.சி. ஜோஷியுடன் சென்று, எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களை அவர் படமெடுத்தார். கட்சி இதழில் வெளியான அப்படங்கள் பஞ்சத்தின் கொடுமையை நாட்டுக்குக் காட்டின. பின்னர் தெலங்கானா உழவர் போராளிகளையும் எடுத்தார். அத்தோடு அவர் நிற்கவில்லை. மலபார் மீனவர், சுரங்கத் தொழிலாளர், பழங்குடியினர் ஆகியோரின் அன்றாட வாழ்வையும் அதே அக்கறையோடு எடுத்தார். மக்கள் எழுந்தார்கள் என்று போராட்டப் படம் சொல்லும். ஏன் எழுந்தார்கள் என்று அன்றாடப் படமே சொல்லும். ஜானா 2012இல் அமெரிக்காவில் காலமானார்.

எல்லா ஊருக்கும் ஒரு ஜானா வருவதில்லை. ஆகவே சேக்காடு போன்ற ஊர்களின் சரித்திரம் வீட்டுப் பெட்டிகளில்தான் உறங்குகிறது. பழைய நிக்காஹ் படத்தை எடுத்துப் பாருங்கள். மணமகனுக்குப் பின்னே தெரியும் கூரை வீடு, கிணற்றடி, மாட்டு வண்டி ஆகிய யாவும் ஆவணங்களே! ஈரத்துக்கும் கரையானுக்கும் இரையாகுமுன் அவற்றைக் காப்பாற்றுங்கள். படத்தின் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் பெயர்களையும் பென்சிலால் எழுதிவையுங்கள். முகம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அவர்களுக்குப் பின் அம்முகங்களுக்குப் பெயர் இராது. நம் பிள்ளைகளுக்காக நம்மிடம் விடப்பட்ட அமானிதம் அது.