தம்பியின் பத்து நிமிடம்

18.8.2025, திங்கள்

நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஸ்டாண்ட்-அப் காமெடியன் ஜாகிர் கான் முழு நிகழ்ச்சியையும் இந்தியிலேயே நடத்தி முடித்திருக்கிறார். காலையிலிருந்து தம்பி கையில் போன்தான். இந்தூரில் சாரங்கிக் குடும்பத்தில் பிறந்தவர் ஜாகிர். தாத்தா உஸ்தாத் மொய்னுதீன் கான் பெரிய வித்வான். மேடையில் காதலில் தோற்ற சாதாரண வீட்டுப் பையனாக நிற்பார். மதத்தைப் பற்றிப் பேசுவது அபூர்வம். "அவரு ஒதுங்கிப் போறாரு ராத்தா" என்கிறான் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கான் வீட்டுப் பிள்ளையைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்து ஊர் உலகம் சிரிக்கிறதே, அது லேசுப்பட்ட காரியமா?

வருகிற சனிக்கிழமை கழித்து அடுத்த சனி, நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் ஒரு காபிக் கடை மாடியில் தம்பிக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் மேடை. எழுதியதைப் பார்த்துச் சொல்லச் சொல்லி நோட்டைத் தந்துவிட்டுப் போனான்.

19.8.2025, செவ்வாய்

நோட்டை வாசித்தேன். முதல் பக்கத்திலேயே அப்துல் கலாம் வருகிறார். "நாங்களும் கலாம் பிறந்த சமுதாயம்தாங்க" என்று ஒரு வரி. பக்கத்தில் 'இங்கே கைதட்டு' என்று குறித்து வைத்திருக்கிறான். கைதட்டு நிச்சயம் விழும். அதனால்தான் எனக்கு அது பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரு முஸ்லிம் பையனுக்கு இரண்டு வேஷம்தான் தயாராக இருக்கிறது: 'துப்பாக்கி' படத்து வில்லன், இல்லாவிட்டால் கலாம். நடுவில் டிகிரியில் இரண்டு அரியர் வைத்திருக்கிற, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று பழம்பொரி தின்கிற தக்கலைக்காரனுக்கு இடமே இல்லை. அந்தப் பையனுக்கு இடம் பிடிக்கத்தானே இவன் மேடை ஏறுகிறான்?

கலாம் வரியை அடித்துவிட்டேன். ராத்திரி பெரிய சண்டை. "நல்ல பேரு வாங்குறதுல என்ன தப்பு?" என்றான். நல்லவன் என்று சாட்சி சொல்லத் தொடங்கினால் கூண்டில் ஏறி நின்றாயிற்று என்று அர்த்தம். நீ ஏன் ஏற வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் படுக்கப் போனான்.

21.8.2025, வியாழன்

உம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சாச்சி ஒருத்தி காமெடியன் முனவ்வர் ஃபரூக்கி கதையைச் சொல்லியிருக்கிறாள். உம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்: "அந்தப் பயல ஜெயில்ல போட்டாங்களாமே, உள்ளதா?"

உள்ளதுதான். 2021 ஜனவரி 1 அன்று, அதே இந்தூரில், ஒரு கஃபேயில் நிகழ்ச்சி. எம்.எல்.ஏ. ஒருவரின் மகன் ஆட்களோடு மேடைக்கு வந்தார். முனவ்வர் இந்துக் கடவுள்களை இழிவுபடுத்தினார் என்று புகார். கூட இருந்தவர்களையும் சேர்த்துப் பிடித்தார்கள். ஜனவரி 28இல் உயர்நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. பிப்ரவரி 5இல் உச்சநீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் சிறை. அந்த வருஷம் நவம்பரில் பெங்களூரு நிகழ்ச்சியையும் போலீஸ் கடிதம் எழுதி நிறுத்தியது. வெறுப்பு ஜெயித்துவிட்டது, கலைஞன் தோற்றுவிட்டான் என்று அவர் எழுதியதை நானே வாசித்திருக்கிறேன். பிறகு பிக் பாஸ் இந்தியில் ஜெயித்தார், அது வேறு. ஜாகிர் கானைப் பெற்ற ஊரும் முனவ்வரை அடைத்த ஊரும் ஒன்றாக இருப்பது மனசை அறுக்கிறது.

உம்மா போலீசுக்கு மட்டும் பயப்படவில்லை. "நம்ம ஆளுக சும்மா விடுவானுகளா?" என்றாள். கவிஞர் எச்.ஜி. ரசூலை 2007இல் ஊர்விலக்கம் செய்த ஊர் இந்தத் தக்கலை. அதற்கு முன்னால் அவருடைய 'மைலாஞ்சி' தொகுப்புக்கே ரகளை நடந்தது. அந்த நாட்கள் உம்மாவுக்கு மறக்கவில்லை. வெளியே இருப்பவனும் முறைப்பான், உள்ளே இருப்பவனும் முறைப்பான். இரண்டுக்கும் நடுவில் மைக் பிடித்து நிற்பது எவ்வளவு தைரியமான வேலை என்று இன்றுதான் உறைத்தது.

23.8.2025, சனி

இன்று நல்ல வேலை நடந்தது. தம்பியை எங்கள் பாட்டி, பெத்தாவின் பக்கத்தில் உட்கார வைத்தேன். "பெருநாளைக்கு பிரியாணி எங்க பாய்னு காலேஜ்ல எல்லாரும் கேக்குறான் பெத்தா" என்று எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதான். பெத்தா அரிசி மாவில் தேங்காய்ப்பூவைச் சேர்த்துப் பிசைந்து, வாழையிலைத் துண்டில் வைத்து உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. "பிரியாணியா? பிரியாணி கல்யாண வீட்டுக்கு. பெருநாளைக்கு ஒரட்டியும் இறச்சியும்லா. கேக்கவனுக்கு ஒரட்டியக் குடு, வாயி அடையும்" என்றாள். பிறகு தன் கல்யாணத்தில் பிரியாணிச் செம்பு அடிபிடித்ததையும், சமையல்காரப் பண்டாரியைக் காப்பாற்ற வாப்பும்மா சொன்ன பொய்யையும், பண்டாரியின் குரலிலேயே நடித்துக் காட்டினாள். தம்பி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். இதைத்தான் எழுது என்றேன்.

சினிமா பாய் பற்றியும் இன்று ஒரு துண்டு வந்தது. அவன் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்: "படத்துல பாய்னா 'நம்பள்கி, நிம்பள்கி'ன்னு பேசணும். தக்கலை முழுக்கத் தேடினேன், அப்பிடிப் பேசுற பாய் ஒருத்தன் கிடைக்கல. கடைசியில ஒருத்தர் கிடைச்சாரு, எங்க வீட்டுக்கு டைல்ஸ் போட வந்தவரு, ராஜஸ்தான்காரர். பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சிட்டுத்தான் வேலையத் தொடங்கினாரு."

கொள்ளாம்!

24.8.2025, ஞாயிறு

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை மறுபடி எடுத்தேன். 1988இல் நூலாக வந்தது. தேங்காய்ப்பட்டணத்துக்காரர், வத்தல் வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். ஊரை ஆட்டிவைக்கும் முதலாளியையும் ஏமாற்றுக்காரத் தங்ஙளையும் அவர் நடத்துகிற விதத்தில் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். நம் அழுக்கை ஏன் வெளியே அலச வேண்டும் என்று கேட்பவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்த நாவலை வாசித்த வெளி ஆள் 'முஸ்லிம்கள்' என்ற ஒற்றை முகத்தைப் பார்ப்பதில்லை. பணக்காரன், பஞ்சை, கள்ளன், அப்பாவி, அடங்காத பெண் என்று ஒரு முழு ஊரைப் பார்க்கிறான். எந்த மறுப்பு அறிக்கையும் இதைச் செய்ததில்லை. தம்பிக்கு வாசிக்கக் கொடுத்தேன்.

அவன் எனக்கு ஷாசியா மிர்சாவின் பழைய வீடியோவைக் காட்டினான். இங்கிலாந்துக்காரி, பாகிஸ்தான் வழி வந்த குடும்பம், என்னைப் போல் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், அறிவியல். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஹிஜாபோடு மேடையேறி, என் பெயர் ஷாசியா மிர்சா, குறைந்தபட்சம் என் விமானி உரிமத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று ஆரம்பித்தவர். பயந்து கிடந்த அந்த நாட்களில் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நம்மிடம் அறந்தாங்கி நிஷா இருக்கிறார். டிவியில் அவர் வந்தால் எங்கள் தெருப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

27.8.2025, புதன்

விநாயகர் சதுர்த்தி, பள்ளி விடுமுறை. மொட்டை மாடியில் ஒத்திகை. சென்னையில் அவன் வீடு தேடி அலைந்த கதையை இன்றுதான் முழுசாகச் சொன்னான். இத்தனை நாள் எங்களிடம் மறைத்திருக்கிறான். போனில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிப்பார்களாம். பேரைக் கேட்டதும் "வீடு போயாச்சு தம்பி." கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அவன் அதை இப்படி முடித்தான்: "பேரைச் சொன்னேன். ஹலோ, ஹலோங்கிறாரு. சிக்னல் இல்லையாம். அடுத்த வீட்டுக்காரருக்கும் இல்லை. என் பேரைச் சொன்னா வேளச்சேரியில டவரே விழுந்துருது, நான் இன்னும் வீட்டுக்குள்ளயே போகல சார்!"

சிரித்துவிட்டு, அடுத்த நொடி உடம்பு கூசியது. இதைக் கடைசியில் வை என்றேன்.

30.8.2025, சனி

இன்று கலைவாணர் நினைவு நாள். 1957 ஆகஸ்ட் 30. ஒழுகினசேரியில் பிறந்தவர், வில்லுப்பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அவருடைய 'கிந்தனார்' கதையைப் பஸ்ஸில் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே போனேன். படிக்கக்கூடாது என்று அடித்து விரட்டப்பட்ட சேரிப் பையன் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருவான். ஜனங்கள் சிரித்துச் சிரித்தே ஜாதியின் கன்னத்தில் அறைந்தார்கள். ஒரு ஆள் நின்று கதை சொல்லிச் சிரிக்க வைப்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதில்லை மக்களே, பயப்படாதே என்றேன்.

மாடியில் நாற்பது பேர் இருக்கலாம். பெரும்பாலும் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள். முதல் இரண்டு நிமிடம் அவன் குரல் நடுங்கியது. பெத்தா குரலில் "ஒரட்டியக் குடு, வாயி அடையும்" என்றதும் கூடம் இளகியது. டைல்ஸ்காரருக்கு விசில். டவர் விழுந்ததும் சிரிப்பு ஒரே மூச்சாக எழுந்து சட்டென்று பாதியில் நின்றது, பிறகு கைதட்டு. கலாமுக்கு விழுந்திருக்கும் கைதட்டு இல்லை இது.

முடிந்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் வந்தான். மீனவக் கிராமமாம். "எங்க பேரக் கேட்டாலும் டவர் விழும் அண்ணே. எங்ககிட்ட ஊரு பேரக் கேப்பாங்க" என்றான். இரண்டு பேரும் வெளியே போய் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

31.8.2025, ஞாயிறு

வாப்பா கத்தாரிலிருந்து கூப்பிட்டார். யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். டவர் கதையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை; பண்டாரி கதையில் செம்பு அடிபிடித்தது பெத்தா கல்யாணத்தில் இல்லை, தன் கல்யாணத்தில்தான் என்று திருத்தினார். தம்பி அடுத்த மாதம் திருநெல்வேலியில் பேச இடம் கேட்டிருக்கிறான். ஜமாஅத் தேர்தல் பற்றி ஐந்து நிமிடம் எழுதத் தொடங்கிவிட்டான். உம்மா துஆ செய்துகொண்டிருக்கிறாள். நான் சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறேன். இந்த முறை அவன் எழுத்தில் அடிக்க வேண்டியது குறைவாகத்தான் இருக்கும்.